சனிக்கிழமை காலை எட்டு மணி ஆட்டம்: லூச்சா லிப்ரே பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாராவாரம் மெக்சிகோ மல்யுத்தம் பார்ப்பவன் என்று தெரிந்ததிலிருந்து நண்பர்கள், அலுவலகத்தில் கூட இருப்பவர்கள், அக்கா பையன் என எல்லோரும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

லூச்சா லிப்ரேன்னா என்ன? நாம சின்ன வயசுல பார்த்த டபிள்யூடபிள்யூஈ மாதிரிதானே?

அண்ணன் தம்பி என்று சொல்லலாம், ஒரே ஆள் இல்லை. 'லூச்சா லிப்ரே' என்றால் ஸ்பானிஷில் கட்டற்ற மல்யுத்தம் என்று பொருள். சால்வடோர் லுட்டெரோத் என்பவர் அமெரிக்க எல்லையோரம் டெக்சாஸில் மல்யுத்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, இதை நம் ஊரில் நடத்தினால் என்ன என்று 1933 செப்டம்பர் 21 அன்று மெக்சிகோ நகரத்தில் முதல் காட்சியை நடத்தினார். அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய சிஎம்எல்எல். உலகத்தில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் தொழில்முறை மல்யுத்த நிறுவனங்களில் மிகப் பழையது அதுதான்.

டபிள்யூடபிள்யூஈயில் மைக் பிடித்துப் பேசுவது பாதி நேரம். இங்கே பேச்சு குறைவு. பெரிய உடம்புக்காரர்களைவிட நடுத்தர எடைக்காரர்களுக்குத்தான் இங்கே எப்போதும் மவுசு. அதனால் வேகம் அதிகம், பாய்ச்சல் அதிகம். அப்புறம் முகமூடி. அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விளையாட்டே அதுதான்.

நீங்க பார்க்குற ஷோ எது? இந்தியால எத்தனை மணிக்கு வருது?

சிஎம்எல்எல் வெள்ளிக்கிழமை இரவு நடத்தும் காட்சி. அங்கே அதை 'சூப்பர் வியெர்னெஸ்' என்பார்கள், அதாவது சூப்பர் வெள்ளி. மெக்சிகோ நகரத்தில் இரவு எட்டரைக்குத் தொடங்கும், நமக்கு அது சனிக்கிழமை காலை எட்டு மணி. மெக்சிகோ 2022இல் கோடைக்காலக் கடிகார மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. அதனால் வருடம் முழுக்க இதே எட்டு மணிதான், முன்பு போலப் பாதி வருடம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் குழப்பம் இல்லை. யூட்யூபில் உறுப்பினர் கட்டணம் கட்டினால் நேரலையாகவே பார்க்கலாம்.

நடக்கும் இடம் அரேனா மெக்சிகோ. 1956இல் திறந்தது, சுமார் 16,500 பேர் உட்காரலாம், 1968 ஒலிம்பிக் குத்துச்சண்டையும் இங்கேதான் நடந்தது. ரசிகர்கள் இதை 'லூச்சா லிப்ரேயின் பேராலயம்' என்று சொல்வது வாய் வார்த்தைக்காக இல்லை. டாக்டர்கள் பெயரில் தெருக்கள் இருக்கும் தொக்தோரெஸ் பகுதியில் இருக்கிறது, வாசலில் வரிசையாக முகமூடிக் கடைகள். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒன்றாக வந்து உட்கார்ந்திருப்பதைக் கேமரா காட்டும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. பார்த்தா புரியுமா?

புரியும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. உடம்பால் சொல்லும் கதை இது, கமென்ட்ரி இல்லாமல் பார்த்தாலும் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். நாலைந்து வார்த்தை பழகிக்கொண்டால் போதும். 'மாஸ்கரா' என்றால் முகமூடி. 'ரூடோ', 'டெக்னிகோ' என்பவை இரண்டு கட்சிகள். ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் முன்னால் அறிவிப்பாளர் இழுத்து இழுத்து ஒரு வரி சொல்வார்: 'லுச்சாரான் அ தோஸ் தெ த்ரெஸ் காயீதாஸ், சின் லிமித்தே தெ தியெம்போ!' மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும், நேர வரம்பு கிடையாது என்று அர்த்தம். அந்த வரி காதில் விழுந்ததும் நான் கையில் இருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன்.

யார் நல்லவன், யார் வில்லன்னு எப்படிக் கண்டுபிடிக்குறது?

டெக்னிகோ என்பவர் விதிப்படி, நுணுக்கத்தோடு, அழகாக ஆடுபவர். ரூடோ என்பவர் முரடர். முகமூடியைப் பிடித்துக் கிழிப்பார், ரெஃப்ரி திரும்பும் நேரம் பார்த்து அடிவயிற்றுக்குக் கீழே உதைப்பார், மூன்று பேர் சேர்ந்து ஒருவரைப் போட்டு மிதிப்பார்கள். ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் நம்பியாரைத் திரையில் பார்த்ததும் திட்டினார்களே, அந்த மாதிரி எல்லோரும் ரூடோவைத் திட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். அரங்கில் கணிசமானவர்கள் ரூடோ கட்சி! 'அர்ரிபா லோஸ் ரூடோஸ்', அதாவது ரூடோக்கள் வாழ்க, என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். வாரம் முழுக்க முதலாளியிடமும் போக்குவரத்திலும் நியாயமாகவே நடந்து நொந்துபோன ஒருவருக்கு, வெள்ளிக்கிழமை இரவு ஒரு நாளாவது விதியை மீறுபவன் பக்கம் நின்று கத்தத் தோன்றும்தானே. டெலிவிஷன் கமென்ட்ரியிலேயே இந்தப் பிரிவு இருந்தது. அர்துரோ ரிவேரா என்ற புகழ்பெற்ற வர்ணனையாளருக்குப் பட்டப்பெயரே 'எல் ரூடோ'. அவரோடு நெடுங்காலம் வர்ணனை செய்த அல்ஃபோன்சோ மொராலெஸ் மருத்துவரும்கூட. இருவரும் 2020இல் காலமானார்கள்.

ஏன் மூணு பேர் மூணு பேரா மோதுறாங்க? கையைத் தட்டாமலே அடுத்த ஆள் உள்ள வர்றானே, ரெஃப்ரி என்ன பண்றாரு?

ரெஃப்ரி சரியாகத்தான் செய்கிறார், விதியே அப்படி. அமெரிக்க முறையில் பார்ட்னரின் கையைத் தொட்டால்தான் உள்ளே வர முடியும். இங்கே உள்ளே இருப்பவர் ரிங்கை விட்டு வெளியே விழுந்தாலோ இறங்கினாலோ போதும், அடுத்தவர் உள்ளே வரலாம். ஆட்டம் ஒரு நிமிடம்கூட நிற்காததற்கு இதுதான் காரணம்.

மூவர் அணியில் ஒருவர் கேப்டன். கேப்டனை வீழ்த்தினால் அந்தச் சுற்று முடிந்தது, இல்லாவிட்டால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். தோள் இரண்டையும் மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்துவது, பிடியில் சிக்கவைத்து சரணடைய வைப்பது, எதிராளி விதியை மீறி வெளியேற்றப்படுவது, வெளியே விழுந்தவர் இருபது எண்ணுவதற்குள் வராமல் போவது, இவைதான் ஜெயிக்கும் வழிகள். எதிராளியின் முகமூடியை முழுசாக உருவினால் வெளியேற்றம். தலைகீழாகப் பிடித்து உச்சந்தலை இடிக்கும்படி இறக்கும் 'மார்த்தினெத்தே' அடிக்கும் தடை உண்டு, கழுத்து போய்விடும் என்பதால். எல்லா ஆட்டமும் மூன்று சுற்று இல்லை. 'ரெலாம்பகோ', அதாவது மின்னல், என்று ஒன்று உண்டு: ஒரே சுற்று, பத்து நிமிட வரம்பு. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

ஏதோ வித்தியாசமா இருக்கு, ஆனா என்னன்னு பிடிபடல. கண்ணாடியில பார்க்குற மாதிரி இருக்கே?

நல்ல கண் உங்களுக்கு. அமெரிக்காவில் பிடி போடும்போது பெரும்பாலும் எதிராளியின் இடது கை, இடது காலைத்தான் பிடிப்பார்கள். மெக்சிகோவில் வலது பக்கம். ஒருவரோடு ஒருவர் ஒத்துழைத்து ஆடும் கலை என்பதால் எந்தப் பக்கம் என்பது பழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்து முதல் வாரம் ஆடுபவர் தடுமாறுவது இதனால்தான்.

கயித்துக்கு நடுவுல புகுந்து வெளிய பாயுறாங்களே, அடிபடாதா?

படும். அந்தப் பாய்ச்சலுக்குப் பெயரே 'தோப்பே சுய்சிதா', தற்கொலைப் பாய்ச்சல். ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிர்க் கயிற்றில் முதுகைக் கொடுத்து வேகம் எடுத்து, முழங்கால் மடங்கி, இரண்டாவது கயிற்றுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில் தலை முதலில் நுழைந்து, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, மொத்த ஆளும் ஈட்டி மாதிரி வெளியே வருவார். கீழே நிற்பவர் சரியான நொடியில் மார்பைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அரை நொடி தவறினால் இரும்புத் தடுப்பு அல்லது சிமென்ட் தரை. அடிப்பவர் மாதிரி தெரிபவர் தன் உயிரை எதிரியின் கையில் கொடுத்திருக்கிறார்.

1993 அக்டோபரில் ஓரோ என்ற 21 வயது இளைஞர் ஆட்டத்தின்போது விழுந்து இறந்துபோனார். 2015 மார்ச்சில் மெக்சிகோவின் திஹுவானா நகரத்தில் ஈஹோ தெல் பெர்ரோ அகுவாயோ என்ற வீரர் ரிங்கிலேயே கழுத்தில் அடிபட்டு உயிரை விட்டார், எதிரில் இருந்தது நமக்கெல்லாம் தெரிந்த ரே மிஸ்டீரியோ. அந்த வீடியோவைத் தேடிப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரை நினைக்க வேண்டுமானால் அவர் ஜெயித்த ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன.

சரி, நேராவே கேக்குறேன். இதெல்லாம் டூப்புதானே? முடிவு முன்னாடியே பேசி வச்சதுதானே?

முடிவு முன்பே பேசியது. அரங்கில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ரகசியமாக நினைத்துக்கொண்டு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

ஆனால் 'டூப்பு' என்ற வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். முந்தைய பதிலில் சொன்ன பாய்ச்சல் டூப்பா? அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒருவர் இருபது வருடம் ஒரு முகமூடிக்குள் வாழ்கிறார். ஊருக்கு அவர் முகம் தெரியாது. அந்தப் பெயர், அந்த நிறம், நெற்றியில் அந்த வடிவம், அதுதான் அவர் சோறு. ஒருநாள் பந்தயத்தில் தோற்று அதைக் கழற்றுகிறார். தோற்கப்போவது முன்பே அவருக்குத் தெரிந்திருக்கலாம், அதற்குப் பணமும் வாங்கியிருக்கலாம். இருந்தாலும் கழற்றிய பிறகு அந்த முகமூடி அவருக்குத் திரும்பக் கிடைக்காது. இழப்பு நிஜம். முடிவு எழுதிவைத்ததா என்பது அதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முகமூடி எப்படி வந்துச்சு? ஆஸ்டெக் காலத்துல இருந்தே இருக்கா?

பழைய மெக்சிகோவில் முகமூடிக்குப் பெரிய இடம் உண்டு, சடங்குகளிலும் நடனங்களிலும். ஆனால் மல்யுத்த முகமூடி அங்கிருந்து நேராக வரவில்லை. 1930களில் ஒரு அமெரிக்க வீரர் 'முகமூடி அணிந்த அற்புதம்' என்ற பெயரில் மெக்சிகோவில் ஆட, முகமூடி தைத்துத் தரச் சொல்லி அந்தோனியோ மார்த்தினெஸ் என்பவரிடம் போனார். அவர் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன லியோன் ஊர்க்காரர், அவரும் ஷூ தைப்பவர். கால் அளவு எடுத்துப் பழகியவர் தலை அளவு எடுத்தார். ஷூவுக்குப் போடுவது போலப் பின்புறம் கயிறு கோத்து இறுக்கும் முறை இன்றைக்கும் முகமூடிகளில் இருக்கிறது பாருங்கள்.

மெக்சிகோக்காரர்களில் முதலில் முகமூடியோடு பெயர் வாங்கியவர்களில் ஒருவர் 'எல் முர்சியேலகோ', வௌவால். பையில் உயிருள்ள வௌவால்களைக் கொண்டுவந்து ரிங்கில் திறந்துவிடுவாராம்.

முகமூடிப் பந்தயம்னா என்ன, எப்படி நடக்கும்?

'லூச்சா தெ அப்புவெஸ்தாஸ்' என்பார்கள், பந்தய ஆட்டம். இருவரும் முகமூடியை வைக்கலாம். ஒருவர் முகமூடியையும் மற்றவர் தலைமுடியையும் வைக்கலாம், முகமூடி இல்லாத இருவர் முடிக்கு முடி வைக்கலாம். முடி தோற்றால் ரிங்கின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மெஷினால் மழித்துவிடுவார்கள். அது வளரும், முகமூடி வளராது. சாம்பியன் பெல்ட்டைவிட இந்தப் பந்தயத்துக்குத்தான் மெக்சிகோவில் மதிப்பு. மேலே சொன்ன வௌவால்காரர்தான் 1940இல் ஒக்தாவியோ காவோனாவிடம் இப்படித் தோற்று முகத்தைக் காட்டினார். அந்த வழக்கம் அங்கிருந்து பிடித்துக்கொண்டது.

பார்க்க வேண்டியது 2000 மார்ச் 17, அரேனா மெக்சிகோ: அட்லாண்டிஸ், எதிரில் வியானோ தெர்செரோ, அதாவது மூன்றாம் வியானோ. இருவருமே பல வருடம் முகமூடியைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள். வியானோ, ரே மெண்டோசா என்ற பெரிய வீரரின் மகன், அண்ணன் தம்பிகள் எல்லாம் இதே தொழில். கடைசியில் அட்லாண்டிஸ் தன் பெயரையே கொண்ட 'அட்லாந்திதா' பிடியைப் போட்டார். எதிராளியைத் தோள்மேல் குறுக்காகத் தூக்கிக் கிடத்தி, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் காலையும் கீழே இழுப்பது, முதுகு வில்லாக வளையும். வியானோ சரணடைந்தார்.

அதற்குப் பிறகு வரும் நிமிடங்களுக்காகத்தான் நான் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வழக்கம் என்னவென்றால், தோற்றவர் தானே முன்வந்து முகமூடியின் பின்கயிற்றைத் தளர்த்த விட வேண்டும். மைக்கில் சொந்தப் பெயர், சொந்த ஊர், எத்தனை வருட அனுபவம் என்று சொல்ல வேண்டும். 'அர்துரோ தியாஸ் மெண்டோசா' என்று அந்தப் பெயர் வெளியே வந்தபோது, அத்தனை வருடம் அவரைத் திட்டியவர்களும் எழுந்து நின்றார்கள். ஒரு ஆள் தன் பெயரைச் சொல்வதில் இவ்வளவு கனம் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முகமூடி போயிட்டா அதோட கதை முடிஞ்சுதா?

பலருக்கு மெல்ல மெல்ல முடிந்துவிடும். அதுவரை 'யார் இவர்' என்ற கேள்வியால் இழுத்தவர், இனி ஆட்டத்தால் மட்டும் இழுக்க வேண்டும். வயது ஏறியவர்கள் ஓய்வுக்கு முன் கடைசிப் பெரிய சம்பளமாக முகமூடியை வைத்து ஆடுவதும் உண்டு, அதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் உல்டிமோ கெர்ரேரோவைப் பாருங்கள். 2014 செப்டம்பர் 19 அன்று, ஆண்டுவிழாக் காட்சியில், அதே அட்லாண்டிஸிடம் தோற்றார். கோமெஸ் பலாசியோ ஊர்க்காரர், பெயர் ஹோசே குத்தியெர்ரெஸ் என்று அன்றுதான் எல்லோருக்கும் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் அவர் இரவின் கடைசிப் பெரிய ஆட்டத்தில் ஆடுபவராகவே, முன்வரிசை ரூடோவாகவே நிலைத்து நின்றார். முகமூடிக்குள் நல்ல ஆட்டக்காரர் இருந்தால் வெளியேயும் அவர் இருப்பார்.

நெட்டுல தேடினா சில பேரோட நிஜப் பேர் வந்துடுதே. அப்புறம் என்ன ரகசியம்?

வரும். ஆனாலும் முகமூடி இழக்காத வீரரின் பெயரை எழுதாமல் இருப்பதை மெக்சிகோவில் ஒரு மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். என்னிடம் 'அவர் நிஜப் பெயர் என்ன' என்று கேட்டால் சொல்லமாட்டேன். மூன்றாம் வியானோவின் பெயரை மேலே எழுதினேன், ஏனென்றால் அதை அவரே ரிங்கில் நின்று கொடுத்தார்.

எல் சாண்டோ, எல் சாண்டோன்னு சொல்றாங்களே, யார் அது?

வெள்ளி முகமூடி. 1942இல் அந்தப் பெயரோடு களம் இறங்கியவர், தொடக்கத்தில் ரூடோ, பிறகு நாட்டுக்கே நாயகன். 1952 நவம்பரில் ப்ளாக் ஷேடோவின் முகமூடியை வென்றார். ப்ளாக் ஷேடோவின் ஜோடி ப்ளூ டீமன் அதற்குப் பழிவாங்கக் கிளம்பி, மறுவருடம் சாண்டோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். அந்தப் பகை பல வருடம் ஓடியது.

இங்கே டெலிவிஷன் கதையும் வருகிறது. 1950களின் தொடக்கத்தில் டிவி வந்ததும் லூச்சா பெரிய நிகழ்ச்சியானது, பிள்ளைகள் பார்த்து வீட்டில் மாடியிலிருந்து குதிக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. மெக்சிகோ நகரத்தின் கறாரான நிர்வாகி எர்னெஸ்தோ உருச்சூர்த்து காலத்தில் ஒளிபரப்பு நின்றது. 1990களின் தொடக்கம்வரை அது ஒழுங்காகத் திரும்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேல்! அந்த இடைவெளியை சினிமா நிரப்பியது. சாண்டோ ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார், ரத்தக்காட்டேரி, மம்மி, வேற்றுக்கிரகவாசி என்று ஒருவர் பாக்கியில்லை. கதைக்குள்ளும் முகமூடியோடுதான், கோட்டு சூட்டு போட்டாலும் முகமூடியோடுதான். 1984 ஜனவரியில் ஒரு டிவி பேட்டியில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். பிப்ரவரி 5 அன்று மாரடைப்பில் காலமானார். வெள்ளி முகமூடியோடே அவரை அடக்கம் செய்தார்கள்.

மிஸ்டிகோவும் டபிள்யூடபிள்யூஈல வந்த சின் காராவும் ஒரே ஆளா?

ஆமாம், முதலில் வந்த சின் காரா அவர்தான். 2004இல் மிஸ்டிகோவாக வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் அரேனா மெக்சிகோவை வெள்ளிக்கிழமைகளில் நிறைத்தவர். 2011இல் அமெரிக்கா போனார், அங்கே சரியாக அமையவில்லை. திரும்பி வந்து வேறு பெயர்களில் ஆடி, 2021இல் மிஸ்டிகோ என்ற பெயரை மீண்டும் பெற்றார். எதிராளியைச் சுற்றிக் காற்றில் சுழன்று, விழும்போதே கையைப் பூட்டிவிடும் 'லா மிஸ்டிகா' பிடியை இன்றும் போடுகிறார். அந்தச் சுழற்சி தொடங்கும்போதே அரங்கம் முழுக்க எழுந்துவிடும். நானும் வீட்டில் எழுந்துவிடுவேன்.

ரே மிஸ்டீரியோ ஒரு தடவை முகமூடி இல்லாம ஆடினாரே? அப்புறம் எப்படித் திரும்பப் போட்டார்? நீங்கதான் திரும்பக் கிடைக்காதுன்னு சொன்னீங்க?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1999 பிப்ரவரியில் டபிள்யூசிடபிள்யூ கம்பெனியில் ஒரு ஜோடி ஆட்டத்தில் தோற்று முகமூடியைக் கழற்றினார். மெக்சிகோ மரபு தெரியாத ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. 2002இல் டபிள்யூடபிள்யூஈ அவரைச் சேர்த்துக்கொண்டபோது முகமூடியைத் திரும்பப் போட வைத்தது. மெக்சிகோ நகரத்தில் மல்யுத்தத்துக்கு உரிமம் கொடுக்கும் ஆணையம் இருக்கிறது, தேர்வு வைத்துத்தான் உரிமமே கொடுக்கும். தோற்ற முகமூடியைத் திரும்ப அணியக் கூடாது என்பது அங்கே விதி. மெக்சிகோவிலும் மீறல்கள் நடந்ததுண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மீறும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கோபப்படுகிறார்கள் பாருங்கள், அந்தக் கோபம்தான் விதியை உயிரோடு வைத்திருக்கிறது. மிஸ்டீரியோ மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. நம்மில் பலருக்கு இந்த உலகத்தின் கதவைத் திறந்தவர் அவர்தான்.

பொம்பளை மாதிரி மேக்கப் போட்டு வர்றவங்களையும், குள்ளமானவங்களையும் கேலி பண்ற மாதிரி இல்லையா?

'எக்சோதிகோ' என்பவர்களைக் கேட்கிறீர்கள். 1940களில் தொடங்கிய வேடம் அது, நெடுங்காலம் சிரிப்புக்காகவே செய்தார்கள், கேலி இருந்தது உண்மை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் கசாண்ட்ரோ, பிம்பினெலா எஸ்கார்லாத்தா போன்றவர்கள் தாங்கள் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்பதை மறைக்காமலே ரிங்குக்கு வந்தார்கள். கசாண்ட்ரோ 1992இல் உலகப் பட்டமே ஜெயித்தார். எல் பாசோவில் வளர்ந்து, திட்டும் அடியும் வாங்கி, பட்டும் சரிகையும் போட்டு, அழகாக ஆடி ஜெயித்தவரைக் கேலிப்பொருள் என்று சொல்ல முடியாது.

குட்டை உருவ வீரர்களின் ஆட்டம் பற்றி என் மனம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. தனிப் பட்டம், தனிப் பந்தயம் என்று அவர்களுக்குள் ஆடும்போது சில நேரம் அந்த இரவின் சிறந்த ஆட்டமே அதுவாக இருக்கும். பெரியவர்கள் தூக்கி எறிவதற்கான பொம்மையாக யாரையாவது பயன்படுத்தும்போது நான் பார்ப்பதை நிறுத்திவிடுகிறேன்.

பெண்கள் ஆட்டம் உண்டா?

உண்டு, நன்றாக இருக்கும். மெக்சிகோ நகரத்தில் மட்டும் 1950களிலிருந்து பெண்கள் ரிங்கில் ஏறத் தடை இருந்தது. 1986இல்தான் நீங்கியது. இர்மா கொன்சாலெஸ் மாதிரி பெரிய வீராங்கனைகள் அந்தக் காலம் முழுக்க மற்ற ஊர்களில் ஆடியே தங்கள் பெயரை நிலைநாட்டினார்கள். அதை நினைத்துக்கொண்டு இன்றைய வெள்ளிக்கிழமை பெண்கள் ஆட்டத்தைப் பாருங்கள்.

ஆட்டம் முடிஞ்சதும் ரிங்குக்குள்ள காசு வீசுறாங்களே, அது அவமானமா?

மரியாதை. டிக்கெட் காசு போதாது, இந்த ஆட்டத்துக்கு இன்னும் கொடுக்கணும் என்று தோன்றும்போது வீசுவார்கள். நாணயம் பாயில் விழுந்து உருளும், நோட்டுகள் பறக்கும், உதவியாளர்கள் துண்டை விரித்துப் பொறுக்குவார்கள். எல்லா வாரமும் நடக்காது. நடந்தால் தவறவிடாதீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் முகத்தையும், முகமூடி என்றால் கண்களையும் பாருங்கள்.

ட்ரிப்பிள் ஏவை டபிள்யூடபிள்யூஈ வாங்கிடுச்சாமே. எல்லாம் போச்சா?

அது வேறு கம்பெனி. சிஎம்எல்எல்லில் காட்சிகளை வடிவமைத்துக்கொண்டிருந்த அந்தோனியோ பெஞா 1992இல் வெளியேறி ட்ரிப்பிள் ஏவைத் தொடங்கினார். அதிரடியும் டிவிக்கான பளபளப்பும் அங்கே அதிகம். 2025 ஏப்ரலில் அதை வாங்குவதாக டபிள்யூடபிள்யூஈ அறிவித்தது. சிஎம்எல்எல் இன்னும் லுட்டெரோத் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. எனக்குக் கவலை இருக்கிறது, மறைக்கவில்லை. மேலே மிஸ்டீரியோ பதிலில் சொன்ன காரணம்தான்: முகமூடியின் கனம் தெரியாதவர்கள் கையில் அது வெறும் விற்பனைப் பொருள் ஆகிவிடும். ஆனால் ட்ரிப்பிள் ஏவின் வீரர்களுக்கு நல்ல சம்பளமும் மருத்துவ வசதியும் கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான்.

'ஜூனியர்', 'மகன்'னு பேர்ல வர்றவங்க எல்லாம் நிஜமாவே மகன்தானா? முகமூடி தோத்த அப்பாவோட முகமூடியை மகன் போடலாமா?

எல்லோரும் இல்லை. ப்ளூ டீமன் ஜூனியர் வளர்ப்பு மகன். சில பெயர்களில் உறவே இருக்காது, பெயரைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் கைமாறியிருக்கும். எல் சாண்டோவின் மகன் நிஜ மகன், அதே வெள்ளி முகமூடியோடு பல வருடம் ஆடினார்.

இரண்டாவது கேள்விக்கு, போடலாம். அப்பா தோற்றது அப்பாவின் முகமூடி, மகன் புதிதாகத் தொடங்குகிறார் என்பது கணக்கு. இது எனக்குப் பிடித்த பகுதி. 2000இல் மோதிய அந்த இருவரின் அடுத்த தலைமுறை இப்போது சிஎம்எல்எல்லில் இருக்கிறது. அட்லாண்டிஸ் ஜூனியர் 2022 ஆண்டுவிழாவில் ஸ்டூக்கா ஜூனியரின் முகமூடியை வென்றார். மூன்றாம் வியானோ 2018இல் காலமானார், அவருடைய மகன்கள் அந்த வியானோ முகமூடியை அணிந்து அதே ரிங்கில் ஏறுகிறார்கள்.

எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

முதலில் 2000 மார்ச் 17 ஆட்டம், கடைசிப் பெயர் சொல்லும் நிமிடம்வரை முழுசாக. அடுத்து 2014இல் உல்டிமோ கெர்ரேரோ தோற்ற ஆட்டம். அப்புறம் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணி. பெரிய ஆட்டம் கடைசியில்தானே என்று ஒன்பதரைக்கு வராதீர்கள். முதல் ஆட்டத்தில் யாருக்கும் பெயர் தெரியாத பையன்கள் ஆடுவார்கள், முகமூடியின் தையல்கூடச் சில நேரம் புதுசாகப் பளபளக்கும், இறுக்கிக் கட்டிய பின்கயிற்றை நொடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.